அவள் யாருடன் போனாள்?

"அவள் யாருடன் ஓடிப்போனாள் என்று உங்களுக்குத் தெரியுமா?" என்று மெஷின் கேட்டது.

அஞ்சலியார் தேநீர்க் கோப்பையை மேஜைமேல் வைத்தார். வைத்த வேகத்தில் பாதி தேநீர் மேஜையில் ஓடியது.

"என்ன கேட்டீங்க?"

எதிரே உட்கார்ந்திருந்த சம்பந்தியம்மா மெஷினை அவர் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தி வைத்தார். காது கேட்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாரோ என்னவோ, அதே கேள்வியைத் தன் பாஷையில் மெதுவாக, நிறுத்தி நிறுத்தி, மறுபடி சொன்னார். மெஷினும் செய்தி வாசிக்கிற பெண்ணின் குரலில், அதே அக்கறையோடு, மறுபடி கேட்டது. "அவள். யாருடன். ஓடிப்போனாள்?"

சோப்புக்கட்டி அளவுதான் அந்த மெஷின். ஒரு பாஷையில் பேசினால் கேட்டுக்கொண்டு இன்னொரு பாஷையில் சொல்லும். அஞ்சலியாரின் மகள் வேற்று நாட்டுப் பையனைக் கல்யாணம் செய்துகொண்டு இரண்டு வருஷம் ஆகிறது. அவளுக்கு இது ஒன்பதாம் மாதம். உதவிக்கு என்று அஞ்சலியார் போன வாரமே வந்து சேர்ந்தார். சம்பந்தியம்மா நேற்று விமானத்தில் வந்து இறங்கினார். இறங்கிய அன்றே மகளுக்கு ரத்த அழுத்தம் ஏறி ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். மாப்பிள்ளையும் கூடவே போய்விட்டார். போகும்போது மகள்தான் இந்த மெஷினைக் கையில் கொடுத்தாள். "நீங்களும் அத்தையும் மனசு விட்டுப் பேசிட்டிருங்கப்பா. ஒண்ணும் கவலைப்படாதீங்க."

மனசு விட்டுப் பேச ஆரம்பித்து ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் போனது. அலமாரியில் இருந்த அவர் மனைவியின் படத்தைச் சம்பந்தியம்மா எடுத்தார். சட்டைக் கையாலேயே கண்ணாடியைத் துடைத்தார். மெஷின் சொன்னது: "வருந்துகிறேன். சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டாள்."

அஞ்சலியார் தலையாட்டினார். "ஆமா சம்பந்தியம்மா. சொல்லாம கொள்ளாமதான் போனா. காலையில எழுந்து பார்க்கறேன், ஆள் இல்ல."

அதற்குத்தான் அந்தக் கேள்வி வந்தது.

தப்பு தன் பேரில்தான் என்று அவருக்குப் பட்டது. 'ஆள் இல்ல' என்றால் மெஷின் என்ன கண்டது? பொண்டாட்டி வீட்டை விட்டு ஓடிவிட்டாள் என்று சொல்லியிருக்கும். எட்டு மாதத்துக்கு முன்னால் தூக்கத்திலேயே போய்விட்டவளை அது எவனோடோ அனுப்பி வைத்துவிட்டது. சம்பந்தியம்மாவுக்கு மகள் விஷயத்தைச் சொல்லியிருக்க மாட்டாளா? சொல்லியிருந்தால் இந்தக் கேள்வி வருமா? போனில் மகளையே கேட்டுவிடலாம் என்று பார்த்தால், அவளிடம் எந்த வேண்டாத பேச்சும் பேசக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

சரி, நாமே திருத்திவிடலாம் என்று அஞ்சலியார் முடிவு செய்தார். திருத்துவது அவருக்குப் பழகிய வேலை. முப்பத்தொரு வருஷம் ஒரு பத்திரிகை ஆபீஸில் இரங்கல் விளம்பரப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டவர் அவர். அழுதுகொண்டு வருகிறவர்களை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, "எந்த வார்த்தை போடட்டும்?" என்று கேட்பார். ஆபீஸில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அஞ்சலியார்தான். சாவுக்குத் தமிழில் எத்தனை சொல் உண்டோ அத்தனையும் அவருக்கு மனப்பாடம், ஒன்றே ஒன்றைத் தவிர. அந்தப் பச்சையான சொல்லை அவர் விளம்பரத்திலும் போட்டதில்லை, வாயாலும் சொன்னதில்லை. மனைவி விஷயத்தில் கேட்கவே வேண்டாம்.

மெஷின் பக்கம் குனிந்து, நிதானமாகச் சொன்னார். "அவ காலமாயிட்டா."

மெஷின் முணுமுணுத்தது. சம்பந்தியம்மா தலையாட்டினார். பதில் வந்தது.

"ஆமாம். காலம் ஆகிவிட்டது. பதினான்கு மாதங்கள்."

"பதினாலு இல்லீங்க, எட்டு. எட்டு மாசம்தான் ஆச்சு."

"பதினான்கு" என்றது மெஷின். சம்பந்தியம்மா விரல்களையும் விரித்துக் காட்டினார். முதலில் பத்து, அப்புறம் நாலு.

கணக்கு எக்கேடு கெட்டால் என்ன என்று அதை விட்டார். "அதாவது, அவ தவறிட்டா."

"தவறுதான்" என்று உடனே வந்தது பதில். "பெரிய தவறு. மன்னிக்கலாமா என்று தினமும் யோசிக்கிறேன்."

அஞ்சலியாருக்குக் காது சூடாகியது. என் பொண்டாட்டியை மன்னிப்பதற்கு இந்த அம்மா யார்? ஒரு தடவைகூட நேரில் பார்த்ததில்லை. கல்யாணமே மாப்பிள்ளையின் ஊரில், பதிவு ஆபீஸில், பத்து நிமிஷத்தில் நடந்தது. அதை நாங்கள் இங்கிருந்து போனில் பார்த்ததோடு சரி. மாப்பிள்ளையின் அப்பா அன்றைக்கும் வரவில்லை, வேலையாம். இன்றைக்கும் வரவில்லை, அதே வேலையாம்.

"இயற்கை எய்திட்டா" என்று இலக்கணமாக முயன்று பார்த்தார்.

"இயற்கைதான்" என்றது மெஷின். "என் அக்காவும் அதைத்தான் சொன்னாள். சிலருடைய இயற்கையே அப்படி."

அதற்குமேல் அன்று பேச்சு வளரவில்லை. சம்பந்தியம்மா எழுந்து போய் மேஜையில் ஓடிய தேநீரைத் துடைத்தார். போகும்போது அவர் தோளை இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போனார். ஓடிப்போனவளின் புருஷனுக்கு ஆறுதல்! அஞ்சலியார் பல்லைக் கடித்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் அவர் பால் வாங்கிக்கொண்டு திரும்பியபோது வாசல் கதவு அகலத் திறந்து கிடந்தது. உள்ளே போய்த் தாழ் போட்டார். சம்பந்தியம்மா சமையலறையிலிருந்து வந்து தாழை எடுத்தார். அவர் மறுபடி போட்டார். அந்த அம்மா மறுபடி எடுத்தார். பிறகு மெஷினை எடுத்து வந்தார்.

"பூட்ட வேண்டாம். நான் பூட்டுவதில்லை. திரும்பி வந்தால் கதவு திறந்திருக்க வேண்டும்."

"யாரு திரும்பி வந்தா?"

"பேரக்குழந்தையைப் பார்க்கவாவது வருவாள். கண்டிப்பாக வருவாள்."

அஞ்சலியார் மனைவியின் படத்தைத் திரும்பிப் பார்த்தார். பேரக்குழந்தைக்கு என்று அவள் ஒரு வருஷம் முன்பே, குழந்தைப் பேச்சே இல்லாதபோதே, சின்னச் சின்னச் சட்டை தைத்து வைத்திருந்தாள். அதைச் சொல்ல வாயெடுத்தவர் அடக்கிக்கொண்டார். பேசினால் அது எங்கே போய் முடியுமோ?

"வர மாட்டா, சம்பந்தியம்மா. அவ இறைவனடி சேர்ந்துட்டா."

மெஷின் இதற்குக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டது. சம்பந்தியம்மாவின் முகம் இறுகியது. அவர் சொன்னது சின்ன வாக்கியம்தான். மெஷின் அதை ஒரு சொல் பிசகாமல் சொன்னது.

"ஆமாம். காலடியில்தான் கிடக்கிறாள். நாய்க்குட்டி போல."

"யாரை நாய்ங்கறீங்க?" அஞ்சலியார் எழுந்தே விட்டார். அவருக்குக் குரல் உயர்வது அபூர்வம். உயர்ந்தால் அது எங்கே நிற்கவேண்டும் என்று அதற்கே தெரியாது. "முப்பத்தாறு வருஷம் என்கூடக் குடும்பம் நடத்தினவ! அவ மேல போயிட்டா! மேல! புரியுதா?" என்று கூரையை நோக்கி விரலைக் குத்தினார்.

சம்பந்தியம்மா கூரையைப் பார்த்தார். அவர் விரலைப் பார்த்தார். தலையைக் குனிந்துகொண்டார்.

"நான்காவது மாடி. தெரியும். ஒரு முறை படியேறிப் போய்க் கதவைத் தட்டினேன். திறக்கவில்லை."

மகள் வீடு இருப்பது இரண்டாவது மாடி. நாலாவது மாடியில் ஒரு பல் டாக்டர் இருக்கிறார், அறுபது வயசுப் பிரம்மச்சாரி. அவர் வீட்டுக் கதவை இந்த அம்மா எப்போது போய்த் தட்டினார்? எதற்காகத் தட்டினார்?

"இதுக்கு மேல ஒரு வார்த்தை பேசாதீங்க! பேசினா நல்லா இருக்காது, சொல்லிட்டேன்!"

மெஷின் அதையும் சொன்னது. சம்பந்தியம்மாவின் கண் நிறைந்துவிட்டது.

"எல்லோரும் அதையேதான் சொல்கிறார்கள். பேசாதே, பேசினால் நன்றாக இருக்காது என்று."

இப்படி அழுகிறவரிடம் எப்படிக் கோபத்தை வைத்துக்கொள்வது? அஞ்சலியார் உட்கார்ந்தார். திரும்பியபோதுதான் பார்த்தார். திறந்து கிடந்த வாசலில் எதிர்வீட்டு அம்மா நின்றுகொண்டிருந்தார், ஒரு கையில் காலிக் கிண்ணத்துடன், மறு கையைக் கன்னத்தில் வைத்தபடி.

"சர்க்கரை கேட்கலாம்னு வந்தேன்" என்றார் அவர். "மெஷின் பேசினது என் வீடு வரைக்கும் கேட்டுது. ஏண்ணா, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"எதைம்மா?"

"அண்ணி இப்படிப் பண்ணிட்டாங்கன்னு. அதுவும் நாலாவது மாடியா? பார்த்தா பூனை மாதிரி இருக்காரு அந்தப் பல் டாக்டரு!"

"ஐயையோ, அதெல்லாம் இல்லம்மா. அவங்க வந்து..." அஞ்சலியார் திணறினார். ஐந்து சொற்களும் வரிசையாக வந்து நாக்கில் நின்றன. நேற்றிலிருந்து அந்த ஐந்தின் மேலும் அவருக்கு நம்பிக்கை போயிருந்தது. கடைசியில், "அவங்க இப்ப இல்லம்மா" என்றார்.

"அதான் தெரியுதே, இல்லைன்னு" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார் எதிர்வீட்டு அம்மா. போகும்போது அலமாரியில் இருந்த படத்துக்கு நேரே போனை நீட்டி ஏதோ செய்தார். அஞ்சலியார் சர்க்கரை எடுத்துவரச் சமையலறைக்குள் போயிருந்ததால் அதைக் கவனிக்கவில்லை.

மூன்றாம் நாள் காலை பத்து மணிக்குத் தெரிந்தது. குடியிருப்பில் எல்லாருக்கும் சேர்த்து போனில் ஒரு குழு உண்டு. தண்ணீர் வராவிட்டால், லிஃப்ட் நின்றால் அதில்தான் அறிவிப்பு வரும். வந்த புதிதில் மகள் அவரையும் அதில் சேர்த்துவிட்டிருந்தாள். அன்று அதில் அவர் மனைவி சிரித்துக்கொண்டிருந்தாள். கீழே எழுதியிருந்தது:

'காணவில்லை. குடும்பத் தகறாறு காரணமாக வீட்டை விட்டு வெளியேறியவர். இரண்டாம் மாடிப் பெரியவர் மன்னித்து ஏற்கத் தயார். கண்டவர்கள் கடுமையாகப் பேசாமல் தெரிவிக்கவும்.'

முதலில் அவர் கண்ணில் பட்டது எழுத்துப் பிழைதான். தகராறு. முப்பத்தொரு வருஷப் பழக்கம். அதற்கப்புறம்தான் மற்றதெல்லாம் உள்ளே போயிற்று. போனை மேஜைமேல் குப்புறக் கவிழ்த்துவிட்டு, பெஞ்சில் அப்படியே உட்கார்ந்தார். அது டக் டக்கென்று அதிர்ந்துகொண்டே இருந்தது. ஐயோ பாவம். எந்த வீட்டு அம்மா? இந்த வயசுலயா? நாலாம் மாடிப் பல் டாக்டர் மட்டும், என்ன நடக்கிறது, என்னை ஏன் எல்லாரும் முறைக்கிறார்கள் என்று மூன்று முறை கேட்டிருந்தார்.

அவள் உயிரோடு இருந்திருந்தால் இதைப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். அந்த நினைப்புத்தான் அவரை என்னவோ செய்தது.

அப்போது வாட்ச்மேன் படியேறி வந்தார். மூச்சு வாங்கியது.

"சார், பார்த்தேன் சார்."

"யாரை?"

"உங்க வீட்டம்மாவை. நேத்து சாயங்காலம், அந்த முக்குல இருக்கற பஸ் ஸ்டாப்புல. பச்சைப் பை வெச்சிருந்தாங்க. அவங்கதான் சார், அதே முகம். பஸ்ஸுக்கு நின்னுட்டிருந்தாங்க."

அவளிடம் பச்சைப் பை ஒன்று இருந்தது. யாரிடம்தான் இல்லை? அது அஞ்சலியாருக்குத் தெரியும். அவளை எட்டு மாதத்துக்கு முன்னால் அனுப்பிவைத்ததும், அந்தப் பையை அவர் கையாலேயே மடித்துப் பெட்டியில் வைத்ததும் தெரியும். எல்லாம் தெரிந்தும் அவர் கால் செருப்பைத் தேடியது. சட்டைப் பித்தானைத் தாறுமாறாக மாட்டிக்கொண்டு படியிறங்கினார். வாட்ச்மேன் பின்னாலிருந்து, "கோபப்படாதீங்க சார்" என்று கத்தியது காதில் விழுந்தது.

பஸ் ஸ்டாப்பில் ஒரு தகர நிழல், ஒரு சிமென்ட் பெஞ்சு. அவர் உட்கார்ந்தார். ஒரு பஸ் வந்தது, போனது. இன்னொன்று வந்தது. இறங்குகிற ஒவ்வொரு பெண்ணையும் பார்த்தார். நாலாவது பஸ்ஸிலோ ஐந்தாவதிலோ பச்சைப் பையுடன் ஒருத்தி இறங்கினாள். பின்கழுத்தும், ஒரு பக்கம் சாய்ந்த நடையும் அப்படியே அவளேதான். அஞ்சலியார் எழுந்து நின்றுவிட்டார். அந்தப் பெண் திரும்பி, யாரடா இந்தக் கிழவர் என்று பார்த்துவிட்டு நடந்தாள். முகம் வேறு முகம்.

அவர் மறுபடி உட்கார்ந்தார். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. பக்கத்தில் யாரோ உட்கார்ந்தார்கள். சம்பந்தியம்மா. வீட்டுச் செருப்போடு ஓடி வந்திருந்தார். மெஷினைத் தங்கள் இருவருக்கும் நடுவில் பெஞ்சின்மேல் வைத்தார்.

"இங்கே ஏன் உட்கார்ந்திருக்கிறீர்கள்?"

அஞ்சலியார் மெஷினைப் பார்க்கவில்லை. ரோட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"அவ செத்துட்டா."

சொல்லிவிட்டார். வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை. ஒரு சைக்கிள்காரன் மணியடித்துக்கொண்டு போனான்.

"செத்துட்டா, சம்பந்தியம்மா. ஓடவும் இல்ல, தவறவும் இல்ல. என் பொண்டாட்டி செத்துட்டா. நான் பக்கத்துலயே தூங்கிட்டிருந்தேன். எனக்குத் தெரியவே இல்ல."

இந்தத் தடவை மெஷின் தடுமாறவே இல்லை. அந்தப் பாஷையில் அதற்கு ஒரே ஒரு சின்னச் சொல் போலிருக்கிறது. சம்பந்தியம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். பஸ் ஸ்டியரிங் பிடித்துக் காய்த்துப்போன கை. அவர் ஊரில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். அழுதுகொண்டே ஏதோ சொன்னார்.

"தெரியும்" என்றது மெஷின். "செத்திருந்தால் எனக்கும் எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்."

அஞ்சலியார் மெஷினை எடுத்தார். பக்கவாட்டில் இருந்த பொத்தானை அழுத்தி அணைத்து, சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். இதனோடு இனி மல்லுக்கட்ட அவருக்குத் தெம்பில்லை. சம்பந்தியம்மாவும் திருப்பிக் கேட்கவில்லை. இரண்டு பேரும் வருகிற பஸ்ஸையும் போகிற பஸ்ஸையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மூன்று நாளில் அந்த அரைமணி நேரம்தான் சண்டை இல்லாமல் கழிந்தது.

மாப்பிள்ளையிடமிருந்து போன் வந்தது. பெண் குழந்தை. தாயும் சேயும் நலம்.

ஆஸ்பத்திரியில் குழந்தையை முதலில் சம்பந்தியம்மாதான் வாங்கினார். ஜன்னலோரமாகக் கொண்டுபோய் வைத்துக்கொண்டு அதனிடம் தன் பாஷையில் என்னவோ பேசினார். மாப்பிள்ளை அம்மாவின் தோளில் கை போட்டுக்கொண்டு நின்றார். கட்டிலில் சாய்ந்திருந்த மகளின் முகம் வெளுத்திருந்தது. ஆனால் சிரித்தாள்.

"அத்தையோட மனசு விட்டுப் பேசினீங்களாப்பா?"

அவ்வளவுதான். இனி ரத்த அழுத்தத்துக்குப் பயப்படவேண்டியதில்லை என்று நர்ஸ் சொல்லியிருந்த தைரியத்தில் அஞ்சலியார் மூன்று நாள் கதையையும் கொட்டித் தீர்த்தார். யாருடன் ஓடினாள் என்று கேட்டது, மன்னிக்கலாமா என்று யோசித்தது, நாய்க்குட்டி என்றது, கதவைத் திறந்து போட்டது, குழுவில் படம் வந்தது. மகள் முதலில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். காணவில்லை அறிவிப்புக்குத் தையல் வலிக்க வலிக்கச் சிரித்தாள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சிரிப்பு அடங்கியது. ஜன்னல் பக்கம் ஒரு தடவை பார்த்தாள்.

"உங்கம்மா செத்ததை நீ இவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்று முடித்தார் அஞ்சலியார்.

"அன்னிக்கே சொன்னேம்பா. ராத்திரி முழுக்க போன்ல என்கூட அழுதாங்க."

"அப்ப அவ யாரோட போனா, அவ திரும்பி வருவான்னு மூணு நாளா எதுக்கு என் உயிரை வாங்கினாங்க?"

மகள் குரலைத் தாழ்த்தினாள்.

"அவங்க பாஷையில அவன், அவள் ரெண்டுக்கும் ஒரே சொல்தாம்பா. ஓடிப்போனது என் மாமனார். ஊருக்கே தெரிஞ்சாலும், அதை அத்தை தானா வாய் திறந்து சொன்ன முதல் ஆள் நீங்கதான்."